விவாகரத்தும் மறுமணமும்: கிறிஸ்தவருக்கு எந்த வழி, முஸ்லிமுக்கு எந்த வழி?

சேர்ந்து வாழ இனி வழியில்லை என்று முடிவான பிறகு வக்கீலைப் பார்ப்பதா, பங்குத்தந்தையைப் பார்ப்பதா, ஜமாஅத்துக்குப் போவதா என்ற குழப்பம் வருகிறது. பலரும் யார் சீக்கிரம் காகிதம் தருகிறார்களோ அங்கே போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து மறுமணப் பேச்சு எழும்போதுதான் அந்தக் காகிதம் செல்லாது என்று தெரியவருகிறது. இந்தியாவில் கிறிஸ்தவர், முஸ்லிம் இருவருக்குமே மதத்தின் கணக்கு தனி, அரசின் கணக்கு தனி. ஆகவே மறுமணம் வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே, எந்த முறையில் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்ற வழியைத் தேடுவதே சரி.

இரண்டு மதங்களின் பார்வையும் அடிப்படையிலேயே வேறு. "கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்" என்ற இயேசுவின் சொல்லைக் கத்தோலிக்கத் திருச்சபை அப்படியே சட்டமாக்கி வைத்திருக்கிறது. திருமுழுக்குப் பெற்ற இருவர் முறையாக மணந்து உடலாலும் இணைந்துவிட்டால், சாவைத் தவிர எந்த அதிகாரமும் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 1141). இஸ்லாத்திலோ நிக்காஹ் ஓர் உறுதியான உடன்படிக்கை. அதைக் காப்பாற்ற எல்லா முயற்சியும் செய்ய வேண்டும். முடியாதபோது நல்ல முறையில் பிரிந்துவிடலாம் என்று குர்ஆன் (2:229) வழி சொல்கிறது. இதனால் விசாரணையின் திசையே மாறிவிடுகிறது. கத்தோலிக்கத் தீர்ப்பாயம் திருமண நாளுக்குப் போய், அன்று உண்மையிலேயே ஒரு திருமணம் நடந்ததா என்று பார்க்கிறது. இஸ்லாமியச் சட்டம் பிரிந்த நாளைப் பார்க்கிறது: சரியான முறையில் பிரிந்தார்களா, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்களா, இத்தா (பிரிவுக்குப் பின் பெண் காத்திருக்க வேண்டிய காலம்) முடிந்ததா?

கிறிஸ்தவர்: நீதிமன்றம் முதலில்

எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் அரசுச் சட்டம் ஒன்றுதான்: 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். 2001 வரை இது பெண்களுக்கு மிகக் கொடுமையாக இருந்தது. கணவனுக்கு மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றே போதும். மனைவியோ அதனுடன் கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருந்ததாக நிரூபிக்க வேண்டும். அதன் பிறகும் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். 2001 திருத்தம் இதையெல்லாம் நீக்கி, இருவருக்கும் பொதுவான காரணங்களைப் பிரிவு 10-இல் வைத்தது. கொடுமை, 2 ஆண்டு கைவிடுதல், 7 ஆண்டாகத் தகவலே இல்லாமை, மதமாற்றம், உடலுறவுக்கு வேண்டுமென்றே மறுத்ததால் மணம் நிறைவேறாமை ஆகியவை அவற்றில் சில.

இருவரும் ஒப்புக்கொண்டால் பிரிவு 10ஏ. சட்டத்தின் எழுத்துப்படி 2 ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுச் செய்தபின் 6 மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் மீண்டும் இருவரும் வந்து உறுதிசெய்ய வேண்டும். இந்துக்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் ஓராண்டுப் பிரிவே போதும் என்பதால், கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் இந்த 2 ஆண்டை ஓராண்டாகக் குறைத்துப் படித்தது. 2022-இல் அந்த ஓராண்டுக் காத்திருப்பையும் அடிப்படை உரிமைக்கு முரண் என்று நீக்கியது. தமிழ்நாட்டில் மனுப் போடுபவர் 2 ஆண்டுப் பிரிவைக் காட்ட முடிந்தால் இந்த வாதத்துக்கே இடமிராது. பிரிந்து வாழ்தல் என்றால் வேறு வேறு வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் பொருந்தும். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். தனி வாடகை ஒப்பந்தம், முகவரி மாறிய வங்கிக் கடிதம் போன்றவை இருந்தால் வேலை எளிது.

தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணத்துக்கு நாள் குறித்துவிடக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, அல்லது போட்ட மேல்முறையீடு தள்ளுபடியாகித் தீர்ப்பு இறுதியான பிறகே மறுமணம் சட்டப்படி ஆகும் என்கிறது பிரிவு 57. குடும்ப நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீட்டுக் காலம் 30 நாள். உச்ச நீதிமன்றத்தையும் அந்தப் பிரிவு சேர்த்துச் சொல்வதால், உயர் நீதிமன்றம்வரை போன வழக்கென்றால் இன்னும் பொறுத்திருந்து, தீர்ப்பு இறுதியாகிவிட்டது என்பதை வக்கீலிடம் உறுதிசெய்துகொள்வது பாதுகாப்பு.

விவாகரத்தே மனசாட்சிக்கு ஒவ்வாது, ஆனால் அடி உதையிலிருந்து தப்ப வேண்டும் என்பவருக்குப் பிரிவு 22-இன்படி நீதிமன்றப் பிரிவு கேட்கலாம். பிறர்மனை உறவு, கொடுமை, 2 ஆண்டு கைவிடுதல் ஆகியவை அதற்குக் காரணங்கள். திருச்சபைச் சட்டமும் இப்படித் தனியே வாழ்வதை ஏற்கிறது. இதில் திருமணக் கட்டு அப்படியே இருக்கும், மறுமணம் கிடையாது. மறுமணத்தைப் பற்றி நினைக்கும் நிலையில் இல்லாத, பாதுகாப்பும் ஜீவனாம்சமும் மட்டும் வேண்டிய பெண்ணுக்கு இது நல்ல வழி. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கத்தோலிக்கர்: தீர்ப்பாயத்தில் என்ன கேட்பார்கள்

நீதிமன்ற விவாகரத்து கையில் இருந்தாலும் கத்தோலிக்கக் கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டார்கள். மறைமாவட்டத் தீர்ப்பாயம் முதல் திருமணம் செல்லாது என்று அறிவித்திருக்க வேண்டும். தலைகீழாக நடப்பதும் உண்டு: தீர்ப்பாயத்தின் அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்பவர்கள். அந்த அறிவிப்புக்கு அரசு முன் எந்த மதிப்பும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் மோலி ஜோசப் வழக்கிலும், 2017-இல் கிளாரன்ஸ் பாய்ஸ் வழக்கிலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மணந்தால் அது இருதார மணம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82-இன்படி 7 ஆண்டு வரை சிறை. கத்தோலிக்கருக்கு ஆக இரண்டும் வேண்டும். நீதிமன்ற வழக்கை முன்னால் தொடங்குவது நல்லது. அங்கே சேரும் மருத்துவ ஆவணங்களும் சாட்சியங்களும் தீர்ப்பாயத்திலும் பயன்படும்.

மனு எழுதும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "குடிக்கிறார், அடிக்கிறார், வேறு பெண்ணோடு போய்விட்டார்" என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். அத்தனையும் உண்மையாக இருக்கலாம். எல்லாமே திருமணத்துக்குப் பிறகு நடந்தவை. தீர்ப்பாயத்துக்கு வேண்டியது பலிபீடத்தின் முன் சம்மதம் சொன்ன அந்த நேரத்தில் இருந்த குறை. நிச்சயத்துக்கு முன்பே குடிநோய்க்கு மருத்துவமனையில் இருந்ததைத் திட்டமிட்டு மறைத்தார் என்றால் அது எண் 1098-இன் கீழ் வரும் ஏமாற்று. மணவாழ்வின் கடமைகளை ஏற்கும் மனப் பக்குவமோ திறனோ அப்போதே இல்லை என்றால் எண் 1095. குழந்தையே வேண்டாம் என்றோ, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்றோ முன்பே உறுதியாக நினைத்திருந்தால் எண் 1101. "நீ சம்மதிக்காவிட்டால் அம்மா விஷம் குடிப்பேன் என்கிறாள்" என்ற மிரட்டலில் தலையாட்டியிருந்தால் எண் 1103. நம் ஊர்த் திருமணங்களில் இந்தக் கடைசிக் காரணம் நிறையவே உண்டு. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

சாட்சிகளையும் இதே கண்ணோடு தேர்ந்தெடுங்கள். திருமணத்துக்குப் பிறகு சண்டையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைவிட, நிச்சயதார்த்தத்தின்போது கூட இருந்த அக்கா, பெண் கேட்டு வந்த தரகர், கல்லூரித் தோழி போன்றோரின் வாக்குமூலத்துக்கே எடை அதிகம். திருமுழுக்குச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், நீதிமன்றத் தீர்ப்பின் நகல் ஆகியவற்றுடன் பங்குத்தந்தை வழியாகவோ நேராகவோ மனுக் கொடுக்கலாம். திருமணம் நடந்த மறைமாவட்டம், இருவரில் ஒருவர் குடியிருக்கும் மறைமாவட்டம், பெரும்பாலான சான்றுகள் கிடைக்கும் மறைமாவட்டம் ஆகிய மூன்றில் எதுவும் விசாரிக்கலாம். எதிர்த்தரப்பு வர மறுத்தாலும் விசாரணை நிற்காது. திருமணக் கட்டுக்காக வாதாடவே ஓர் அதிகாரி இருப்பார். அவரை எதிரியாக நினைத்துக் கோபப்பட வேண்டாம், அது அவருடைய பணி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இந்த நடைமுறையை எளிதாக்கினார். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். இப்போது ஒரே தீர்ப்பு போதும், 15 நாளுக்குள் மேல்முறையீடு வராவிட்டால் அது நடைமுறைக்கு வரும். இருவரும் ஒத்துக்கொண்டு, சான்றும் வெளிப்படையாக இருந்தால் ஆயரே முடிவு செய்யும் குறுகிய வழியும் உண்டு. சாதாரண வழியில் முதல் நிலை விசாரணை ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் நீள்வதுண்டு.

இரண்டு அச்சங்கள் தேவையே இல்லாதவை. திருமணம் செல்லாது என்று அறிவித்தால் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களாகிவிட மாட்டார்கள். ஒருவராவது நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால் பிள்ளைகள் முறையானவர்களே (எண் 1137). விவாகரத்து பெற்றுத் தனியாக வாழ்பவர், அந்த விவாகரத்தால் மட்டும், நற்கருணை பெறத் தகுதி இழப்பதில்லை. தீர்ப்பாயத்தின் அறிவிப்பு இல்லாமல் மறுமணம் செய்துகொண்டால்தான் சிக்கல். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் கோவிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இதை ஒவ்வொரு பங்கிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கர் ஒருவர் உரிய அனுமதி இல்லாமல் பதிவு அலுவலகத்திலோ வேறு சபையிலோ மட்டும் மணந்திருந்தால், திருச்சபை முறைப்படி அந்தத் திருமணம் நடக்கவேயில்லை. ஆவணங்களைக் காட்டினாலே போதும், நீண்ட விசாரணை இல்லை. அதே சமயம் விவாகரத்தான ஓர் இந்துவையோ முஸ்லிமையோ கத்தோலிக்கர் மணக்க விரும்பினால், அவருடைய முதல் திருமணத்தையும் திருச்சபை செல்லுபடியானதாகவே கொள்ளும். "அவங்க கிறிஸ்தவரே இல்லையே, எதற்கு விசாரணை?" என்று கேட்டுப் பயனில்லை, அதற்கும் தீர்ப்பாயம் போக வேண்டும்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளின் நிலை வேறு. மத்தேயு 19:9-இல் வேசித்தனத்துக்கு விலக்கு இருக்கிறது. விசுவாசமில்லாத துணை பிரிந்துபோனால் விசுவாசி கட்டுப்பட்டவர் அல்ல என்று 1 கொரிந்தியர் 7:15 சொல்கிறது. இந்த இரண்டையும் வைத்து சீர்திருத்தச் சபைகள் விவாகரத்தையும் மறுமணத்தையும் வருத்தத்தோடு ஏற்கின்றன. இறுதியான நீதிமன்றத் தீர்ப்பே இங்கே அடிப்படை. சபையில் வைத்து மறுமணம் நடத்த குருவானவரும் பேராயமும் சம்மதிப்பார்களா என்பதை மட்டும் நாள் குறிக்கும் முன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் போதகருக்குப் போதகர் நிலைப்பாடு மாறும்.

முஸ்லிம்: யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே வழி

பிரிவை யார் தொடங்குகிறார் என்பதை வைத்தே வழி, செலவு, காலம் மூன்றும் மாறுகின்றன. கணவன் தொடங்கினால் தலாக், மனைவி தொடங்கினால் குலா அல்லது பஸ்கு (நீதிமன்றம் வழியாகத் திருமணத்தை முறித்தல்), இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால் முபாரத்.

தலாக்கின் சிறந்த முறை இதுதான். முதலில் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துச் சமரசம் பேச வேண்டும் (4:35). நியாயமான காரணமும் இந்தச் சமரச முயற்சியும் இல்லாத தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில் சொன்னது. பேச்சு முறிந்தால், மனைவி மாதவிடாயில்லாத, அந்தச் சுத்த காலத்தில் உறவும் கொள்ளாத நேரத்தில், ஒரே ஒரு தலாக். அவ்வளவுதான். இத்தா முடியும்வரை அவள் அவனுடைய வீட்டிலேயே இருப்பாள், செலவு அவனுடையது. அதற்குள் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். ஹனபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) சொல்லாலும் செயலாலும் மீட்கலாம், ஷாபிஈயில் சொல்லால் மட்டுமே. இத்தா முடிந்தால் பிரிவு முழுமை பெறும். பின்னாளில் இருவரும் விரும்பினால் புதிய மஹரோடு (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) மீண்டும் நிக்காஹ் செய்துகொள்ளலாம்.

இத்தா கணக்கில் பல இடங்களில் பிழை நடக்கிறது. "மூன்று மாதம்" என்று நாள்காட்டியில் 90 நாளை எண்ணிவிடுகிறார்கள். மாதவிடாய் நின்றுபோனவருக்கும் வராதவருக்கும்தான் மூன்று மாதம் (65:4). மற்றவருக்கு மூன்று 'குரூ' (2:228). ஹனபியில் தலாக்குக்குப் பின் மூன்று மாதவிடாய் முழுதாக முடிய வேண்டும். ஷாபிஈயில் மூன்று சுத்த காலம். தலாக் சொன்ன சுத்த காலமும் ஒன்றாகச் சேரும் என்பதால் மூன்றாவது மாதவிடாய் தொடங்கியதுமே இத்தா முடிந்துவிடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபிஈ, ராவுத்தர்கள், தக்கினிகளிடையே ஹனபி என்று இருப்பதால், பெண் ஒரு மத்ஹப், பையன் வேறு மத்ஹப் எனும்போது யார் கணக்கு என்று முன்பே ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுவிட வேண்டும். கர்ப்பிணிக்குப் பிரசவம்வரை. கணவன் மனைவி தனித்திருக்கும் முன்பே தலாக் ஆனால் இத்தாவே இல்லை (33:49). ஆனால் பேசிய மஹரில் பாதி கொடுக்க வேண்டும் (2:237).

ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2019 சட்டம் அதை 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. சட்டத்தின் கண்ணில் அது ஒரு தலாக்கூட இல்லை, திருமணம் அப்படியே நிற்கிறது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்தோ மூன்றும் நிகழ்ந்துவிட்டது என்பது. தவ்ஹீத் அமைப்புகள் ஒன்றாகக் கணக்கிடுகின்றன. நடுவில் சிக்குபவள் பெண். மார்க்கப்படி தான் ஹராமாகிவிட்டோம் என்று நம்பி விலகி நிற்கிறாள். அரசுச் சட்டத்தின் பார்வையிலோ அவள் மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம். இந்த முடிச்சை அவிழ்க்கச் சரியான வழி, நீதிமன்றத் தீர்ப்போ நீதிமன்றம் பதிந்துகொண்ட முபாரத்தோ பெற்று அரசின் பக்கத்தையும் மூடிவிடுவது. பழைய கணவனிடமே திரும்புவதற்காக வேறொருவரோடு முன்கூட்டிப் பேசிவைத்துச் செய்யும் 'ஹலாலா' நிக்காஹ் நபி சபித்த செயல். அதைப் பரிந்துரைக்கும் எவரிடமும் ஆலோசனை கேட்க வேண்டாம்.

பெண் கேட்கும் பிரிவில் குலா எளிதாகத் தெரியும். மஹரைத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெறுகிறாள். மரபான சட்டத்தில் இதற்குக் கணவனின் சம்மதம் தேவை என்பதே ஹனபி, ஷாபிஈ கருத்து. இங்கேதான் பேரம் நடக்கிறது: "குலா வேண்டுமா, போட்டு வந்த நகையை விட்டுவிடு" என்பார்கள். திருப்பித் தர வேண்டியது அவன் கொடுத்த மஹர்தான். தாய்வீட்டுச் சீரும் நகையும் அவளுடைய சொத்து. கைக்கூலி வாங்கியிருந்தால் அதைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. கணவன்தான் உண்மையில் பிரிய விரும்புகிறான், ஆனால் மஹரைத் தவிர்க்க மனைவியைக் குலா கேட்க வைக்கிறான் என்றால் கையெழுத்துப் போடவே கூடாது. தலாக் என்றால் மஹர் அவளுடையது.

தமிழ்நாட்டில் குலாவுக்குக் காகிதம் எங்கே வாங்குவது என்பதில் 2023-க்குப் பிறகு ஐயமில்லை. ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை நாடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் மதுரைக் கிளை, தலாக்கை மனைவி மறுத்தால் அது முறைப்படி நடந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவும் பொறுப்பு கணவனுடையது என்றது. ஜமாஅத்தில் பேசி முடிப்பது நல்லதுதான். பல குடும்பங்களைக் கோர்ட்டு வாசலில் நிற்காமல் காப்பாற்றுவது அந்தப் பேச்சுதான். ஆனால் முடிவை முபாரத் ஒப்பந்தமாக எழுதி, குடும்ப நீதிமன்றத்தில் அறிவிப்புத் தீர்ப்பாக வாங்கிவிடுங்கள். நிக்காஹ் நாள், மஹர் தொகை, கொடுத்ததா இல்லையா, திரும்பிய நகைகளின் பட்டியல் பவுன் கணக்கோடு, இத்தா காலச் செலவு, பிள்ளைகள் யாரிடம், பிரிவு எந்தத் தேதியிலிருந்து, இரண்டு சாட்சிகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும்.

கணவன் எதற்கும் இணங்காவிட்டால் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இருக்கிறது. ஹனபிச் சட்டத்தில் கைவிடப்பட்ட பெண்ணுக்கு வழி மிகக் குறுகியது என்பதால், மௌலானா அஷ்ரப் அலி தானவி போன்ற ஆலிம்களே மாலிகி மத்ஹபின் இலகுவான விதிகளை எடுத்தாளலாம் என்றார்கள். அதுவே இந்தச் சட்டத்துக்கு அடித்தளம். ஆகவே இதை மார்க்கத்துக்கு வெளியே உள்ள சட்டமாக நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. கணவன் 4 ஆண்டு தலைமறைவு, 2 ஆண்டு செலவுக்குத் தராமை, 3 ஆண்டு மணவாழ்வுக் கடமையைச் செய்யாமை, 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை, கொடுமை ஆகியவை காரணங்களில் சில. தலைமறைவு என்ற காரணத்தில் மட்டும் தீர்ப்பு 6 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் அவன் திரும்பி வந்து கடமையைச் செய்ய முன்வந்தால் ரத்தாகலாம். எளிதில் நிரூபிக்கக் கூடியது செலவுக்குத் தராமைதான். இந்த வழியில் மஹர் உரிமை போகாது (பிரிவு 5).

பணத்தில் ஒப்பிட்டால், கிறிஸ்தவ மனைவிக்கு 1869 சட்டத்தின் பிரிவு 37-இன்படி நிரந்தர ஜீவனாம்சம். முஸ்லிம் பெண்ணுக்கு மஹரோடு, வாழ்நாளுக்கும் போதுமான நியாயமான தொகையை இத்தா காலத்துக்குள்ளேயே தர வேண்டும் என்று 2001-இல் டேனியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இதுபோக மாதச் செலவுத் தொகை கேட்கும் பொதுச் சட்டம் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் பொருந்தும் என்று 2024 ஜூலையில் மீண்டும் உறுதிசெய்தது. கிறிஸ்தவப் பெண்ணோ முஸ்லிம் பெண்ணோ மறுமணம் செய்துகொண்டால் இந்த மாதத் தொகை நிற்கும், மஹர் நிற்காது.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்கள், முஸ்லிமாகவே இருந்தாலும், தலாக்கோ குலாவோ செய்துகொள்ள முடியாது. அந்தச் சட்டத்தின் வழியாகவே பிரிய வேண்டும். முதல் திருமணத்தை விட்டு ஓட இஸ்லாத்துக்கு மாறும் கணவனுக்கும் தப்பில்லை. முதல் திருமணம் முறியாமல் மணந்தால் குற்றமே என்று 1995-இலும் 2000-இலும் இந்து கணவர்கள் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் கூறியது; கிறிஸ்தவருக்கும் அதே தர்க்கம்தான்.

இலங்கையில் இந்த ஒப்பீடு பெரிதும் மாறும். அங்கே முஸ்லிம்களுக்கு 1951-ஆம் ஆண்டின் சட்டமும் காதி நீதிமன்றங்களும். கிறிஸ்தவருக்குப் பொதுச் சட்டத்தில் பிறர்மனை உறவு, தீய நோக்கோடு கைவிடுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை என மூன்றே காரணங்கள். மேலே சொன்ன இந்தியத் தீர்ப்புகள் எதுவும் அங்கே செல்லாது.

மறுமண நாளில்

கத்தோலிக்கர் கொண்டுபோக வேண்டியது நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு நகல், தீர்ப்பாயத்தின் அறிவிப்பு, அதைக் குறித்துப் புதிதாக வாங்கிய திருமுழுக்குச் சான்றிதழ். தீர்ப்பாயம் ஆலோசனை பெறாமல் மறுமணம் கூடாது என்று தடை ஏதும் எழுதியிருக்கிறதா என்று அறிவிப்பின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். திருமணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

முஸ்லிம் பெண்ணின் இரண்டாம் நிக்காஹில் அவள் வாய் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். கன்னிப் பெண்ணைப் போல மௌனம் போதாது. ஷாபிஈயில் அப்போதும் வலீ (பெண்ணின் பாதுகாவலர்) தேவை; ஹனபியில் வயது வந்த பெண் தானே மணந்துகொள்ளலாம். தப்தரில் (நிக்காஹ் பதிவேட்டில்) விவாகரத்தான தேதியையும் இத்தா முடிந்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மரபான ஹனபிச் சட்டத்தில் பையன் 7 வயதுவரை, பெண் பருவமடையும்வரை தாயிடம். அவள் பிள்ளைக்கு அந்நியரை மணந்தால் அந்த உரிமை போகும். நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கின்றன என்றாலும், முன்னாள் கணவன் இதைக் காட்டி வழக்குப் போடலாம். ஆகவே மறுமணத்துக்குப் பிறகும் பிள்ளைகள் தாயிடமே இருப்பார்கள் என்ற ஒரு வரியை முபாரத் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.